இலக்கம் ஏழு, காமன் பொட்டல் பாதை

மில்பரி தோட்டம், கண்டி
17 ஜனவரி 2024

அன்பான தங்கச்சி லோஜினிக்கு,

பொங்கல் பால் இந்த வருசம் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. உன் மச்சானுக்குப் பல்லேகலயில் காவல் வேலையில் லீவு கிடைக்கவில்லை. மறுநாள் வந்து ஆறிப்போன பொங்கலைத்தான் தின்றார். மற்றபடி எல்லாரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் நிரோஷன் தம்பியும் எப்படி? அந்த ஊர்க் குளிரில் காலில் வெடிப்பு வராமல் பார்த்துக்கொள்.

போனில் நித்தமும் பேசுகிறவள் எதற்காகத் தபால் செலவு செய்கிறாள் என்று முழிக்காதே. விசயம் இருக்கிறது.

போன வருசம் துஷாந்திக்கு ஆசிரியர் கல்லூரி நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும், அது தோட்டக் கந்தோரில் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்ததும் உனக்குத் தெரியும். நேர்முகம் முடிந்த மறுவாரம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வைத்து, பெரிய கிளாக்கர் அதை என் கையில் தந்தார். "மக பாஸாமே, சந்தோசம்" என்று சிரிப்பு வேறு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் அந்தக் கந்தோர்தானே விலாசம். நீ தாதியர் படிப்புக்கு எழுதிப்போட்டபோது கட்டுகஸ்தோட்டை ஹாஜியார் கடை விலாசத்தைக் கடன் வாங்கிக் கொடுத்தாய், தப்பித்தாய். துஷாந்திக்கு ரோசம். "எனக்கு வீடு இருக்கும்மா, கடை விலாசம் எதுக்கு?" என்று தோட்டத்தையே போட்டாள். இந்த வருசம் மறுபடி விண்ணப்பம் போடப்போகிறாள். இதைவிட்டால் வயது தாண்டிவிடும்.

சந்தித் தபால்கந்தோருக்குப் புதிதாக ரிஸ்னா மிஸ் வந்திருக்கிறார். அவரிடம் போய் அழுதேன். "ஊட்டுக்கு நம்பர் ஈக்குதா? பாதைக்குப் பேர் ஈக்குதா? ரெண்டும் போட்டுக் கடிதம் வந்தா ஊட்டுக்கே ஆள அனுப்பேலும். ஒண்டு ரெண்டு வந்தாப் பத்தாது, வந்துகொண்டே ஈக்கணும்" என்றார். அன்றைக்கே லயத்துக் காம்பரா வீடு எல்லாவற்றுக்கும் நம்பர் எழுதிவிட்டோம். பாதைக்கும் பேர் வைத்தாயிற்று. துஷாந்தியும் இந்த விலாசத்தைத்தான் விண்ணப்பத்தில் போடுவாள்.

நீ செய்ய வேண்டியது, அந்த விலாசத்துக்கு எழுதிக்கொண்டே இருப்பது. என்ன எழுதினாலும் சரி. ஆனால் லயமே அடுத்த கடிதத்துக்கு ஏங்குகிற மாதிரி எழுது. கடிதத்தில் எழுதுவதைப் போனில் உளறாதே. உளறினால் யார் தபாலுக்குக் காத்திருப்பார்கள்?

உன் அக்கா
சர்மிளா
இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை

*

விக்ஸ்பர்க், மிசிசிப்பி
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தாளின் மூலையில் பழுப்பாக உங்கள் பெருவிரல் கறை. தேயிலைக் கொழுந்துக் கறை எத்தனை கழுவினாலும் போகாது என்பீர்களே! அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இங்கே நாங்கள் நலம். அங்கே மச்சானையும் துஷாந்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எதை எழுதுவது என்று யோசித்தேன். நான் வேலை செய்யும் இந்த ஊரைப் பற்றியே எழுதுகிறேன். ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது, கீழே மிசிசிப்பி ஆறு. மகாவலியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை. நிரோஷன் முதல் நாள் "கடலா?" என்று கேட்டார். ஊரைச் சுற்றி மைல் கணக்கில் பூங்கா, பூங்கா முழுக்கப் பழைய பீரங்கிகள். நூற்று அறுபது வருசத்துக்கு முன்னால் இந்த நாடு தனக்குள்ளேயே அடித்துக்கொண்ட இடம் இது.

அப்போது தெற்கில் பருத்திக் காடுகளில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். தாயை ஓர் ஊருக்கும் பிள்ளையை வேறோர் ஊருக்கும் விற்பார்கள். அந்த முறை இனிப் பரவக்கூடாது என்று சொன்னவர் ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும், தெற்கு மாநிலங்கள் "நாங்கள் தனி நாடு" என்று பிரிந்து, 1861இல் துறைமுகக் கோட்டை ஒன்றைச் சுட்டு யுத்தத்தைத் தொடங்கின. வடக்கும் முதலில் அடிமைகளுக்காகச் சண்டை பிடிக்கவில்லை, அக்கா. நாட்டைச் சேர்த்துவைக்கத்தான் சண்டை.

யுத்தம் தொடங்கி ஒரு மாதம்தான். வர்ஜீனியாக் கரையில் மூன்று அடிமைகள் தெற்குப் படைக்காக மண்மேடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குடும்பத்தை விட்டுத் தூரத்துக்கு அனுப்பப் போவதாகக் காதில் விழுந்தது. மூன்று பேரும் இருட்டில் ஒரு சின்னப் படகை எடுத்து, எதிர்க் கரையில் இருந்த வடக்குப் படையின் கோட்டைக்குத் துடுப்புப் போட்டுப் போய், "எங்களை உள்ளே விடுங்கள்" என்று நின்றார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் கோட்டையில் இருந்தவர்களும் வெள்ளைக்காரர்கள்தான். ஓடிவந்த அடிமையைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நாட்டின் சட்டம். அது தெரிந்தும் போனார்கள்.

மறுநாள் சொந்தக்காரனின் ஆள் வெள்ளைக் கொடியோடு வந்தான். "எங்கள் மூன்று பேரையும் தாருங்கள், அதுதான் சட்டம்." கோட்டைத் தளபதி பட்டாளத்துக்கு வருமுன் வக்கீலாக இருந்தவர், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

அவர் சொன்ன பதிலை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ஏங்க வைக்கச் சொன்னது நீங்கள்தானே!

உங்கள் தங்கை
லோஜினி

*

இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை
17 மார்ச் 2024

அன்பான தங்கச்சிக்கு,

இரண்டு நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை, பயப்படாதே. உன் கடிதத்தை நாலு தடவை சத்தம்போட்டு வாசித்ததால் வந்த வினை. உங்கள் இருவர் சுகத்துக்கும் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

கடிதம் வந்தது லோஜி. கதவுக்கே வந்தது. தபால்காரர் சுரேஸ் தம்பி சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டுப் படியேறி வந்தார். இந்த லயத்துக்குப் பொலிஸ் வந்திருக்கிறது, வோட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள், தபால்காரர் வந்தது இதுதான் முதல்முறை. நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. "ஏழாம் நம்பர் எது?" என்று கேட்டதும், எட்டாம் நம்பர் கமலம் தன் கதவில் இருப்பதும் ஏழுதான் என்று சாதித்தாள். கதிரை போட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினோம்.

மாசி அமாவாசை கழிந்து காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாயிற்று. கூத்துப் பழகப் பொட்டலில் கூடியவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டு உன் கடிதத்தைக் கேட்டார்கள். நீ தளபதி வாயைத் திறக்கிற இடத்தில் வெட்டிவிட்டாயா, அவ்வளவுதான். "திருப்பிக் குடுத்துட்டானா?" என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள், நான்தான் அந்தத் தளபதி என்கிற மாதிரி.

"நம்ம கதை மாதிரியே இருக்குடி" என்றாள் கமலம். எனக்குக் கோபம் வந்தது. "நம்மள யாரு சந்தையில வித்தா? பிள்ளைய யாரு புடுங்கி வித்தா? அதையும் இதையும் ஒண்ணாச் சேர்க்காத" என்றேன். அவள், "சேர்க்கல. கதவத் தட்டிட்டு நிக்கிறாங்கல்ல, அந்த நேரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

இன்னொன்று. கடிதம் வருமுன்பே தோட்டத்தை நடத்துகிற துரை சுண்ணாம்பு வாளியோடு ஆள் அனுப்பி நம்பரை எல்லாம் அழித்துவிட்டார். தோட்டத்துச் சுவரில் கை வைக்கக் கூடாதாம். சரி என்று கதவில் எழுதிவிட்டோம். கதவு நாங்கள் போட்டது. இதெல்லாம் யார் வேலை என்று கேட்டார்கள், என் வேலை என்று சொன்னேன்.

சீக்கிரம் எழுது. அந்த மூன்று பேரை நினைத்துக் கமலத்துக்குத் தூக்கம் வரவில்லை.

உன் அக்கா
சர்மிளா

*

இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை
20 மே 2024

அன்பான தங்கச்சிக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தகரத்தில் இரண்டு ஓட்டை, கீழே இரண்டு சட்டி. சுகத்துக்குக் குறைவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நிரோஷன் தம்பியின் முதுகு வலி தேவலையா?

ஏப்ரல் முதல் வாரமே எழுதிப் போட்டதாகப் போனில் சொன்னாய். அது இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. சுரேஸ் தம்பி மகள் பிறந்ததற்கு லீவில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் பழைய பழக்கத்தில் தோட்டத்துக் கடிதம் எல்லாவற்றையும் கந்தோர்ப் பையில் போட்டுவிட்டார். ரிஸ்னா மிஸ்ஸே நேரில் போய்க் கேட்டிருக்கிறார். "தேடிப் பார்க்கிறேன்" என்றாராம் கிளாக்கர். அவர் தேடுகிற அழகு தெரியாதா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் அல்லவா.

எனக்கு உன் கடிதம் மட்டும் கவலையில்லை. செப்டெம்பர் வாக்கில் துஷாந்தியின் நேர்முகக் கடிதம் வரும். இன்றைக்கு உன் கடிதம் போன வழியில் நாளைக்கு அதுவும் போகும். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நேற்று நீ போனில் "சொல்லட்டுமா அக்கா?" என்று ஆரம்பித்தாய், நான் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பதில் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. கடிதம் லயத்துக்கு வர வேண்டும். லயத்தில் பாதிப்பேர் திருப்பிக் கொடுத்திருப்பான் என்கிறார்கள். வக்கீலும் துரையும் ஒன்று என்பது அவர்கள் கணக்கு. மீதிப்பேர் சண்டைக்கு நிற்கிறார்கள்.

எனக்கு இப்போது கொஞ்சம் ஓய்வுதான். பகலில் உட்கார்ந்து ஆற அமர எழுதுகிறேன். வீட்டைச் சுற்றிக் கீரை போட்டிருக்கிறேன், நன்றாக வருகிறது.

உன் அக்கா
சர்மிளா

*

விக்ஸ்பர்க்
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முதுகு வலிக்கு நிரோஷன் எண்ணெய் கேட்கிறார், யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள். துஷாந்தியின் படிப்பு எப்படிப் போகிறது?

தளபதியின் பதிலை நான் மறுபடி எழுத மாட்டேன், அது அந்த ஏப்ரல் கடிதத்தோடே வரட்டும். வேறு சொல்கிறேன்.

இந்த ஊருக்கு 1863இல் என்ன நடந்தது தெரியுமா? ஆற்றைப் பிடித்தவனுக்குத்தான் வெற்றி என்று வடக்குப் படை இதைச் சுற்றி வளைத்தது. மேலிருந்து குண்டு விழ விழ ஊர்ச் சனங்கள் மேட்டைக் குடைந்து குகையில் குடியிருந்தார்கள். அந்தக் குகைகளை வெட்டியதும் அடிமைகள்தான். சாப்பாடு தீர்ந்து கோவேறு கழுதையைத் தின்றார்கள். தாள் தீர்ந்ததும் சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் பேப்பர் அடித்தார்கள்! கொஞ்சம் மேலே ஆற்றங்கரையில், சில வாரத்துக்கு முன்வரை அடிமையாக இருந்தவர்கள், துப்பாக்கி பிடிக்கச் சரியாகப் பழகக்கூட இல்லை, எதிர்த்து நின்று கரையை விடாமல் காத்தார்கள். ஜூலை நான்காம் திகதி ஊர் சரணடைந்தது. அதற்கு முந்திய நாள்தான் வடக்கே கெட்டிஸ்பர்க்கிலும் தெற்குப் படை தோற்றிருந்தது. யுத்தம் திரும்பியது அந்த இரண்டு நாளில்தான் என்று பூங்காவில் பலகை வைத்திருக்கிறார்கள்.

வடக்குப் படை வீரர்களின் மயானம் இங்கே ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. வேலை முடிந்து நேராக அங்கே போனேன். பதினேழாயிரம் பேர். முக்கால்வாசிப் பேருக்குப் பெயர் கிடையாது. சாண் உயரக் கல்லில் ஓர் எண், அவ்வளவுதான். கறுப்பு வீரர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறார்கள். வரிசை வரிசையாகப் புல்மேட்டில் ஏறி இறங்கிப் போகின்றன அந்தக் கற்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன் அக்கா. யாரோ ஒருத்தியின் பிள்ளை ஒவ்வொன்றும். இத்தனை பேர் இதற்காகச் செத்தார்களா என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு கல்லில் ஏழு என்ற எண்ணைத் தேடினேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் மே மாதக் கடிதம் தும்பைப் பூ மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மூலையில் கறை இல்லை. பகலில் ஓய்வு என்கிறீர்கள். கொழுந்து நிறையும் மழைக்காலத்தில் பறிக்க மலைக்குப் போகிறவளுக்கு ஏது ஓய்வு? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
லோஜினி

*

இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை
7 ஜூலை 2024

அன்புள்ள சித்திக்கு,

நான் துஷாந்தி எழுதுகிறேன். நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் ஜூன் கடிதம் வெள்ளிக்கிழமை கதவுக்கே வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார், கறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

நம்பர் எழுதியதற்காக அம்மாவின் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் இருந்து பெரட்டில் அவர் பேரைக் கூப்பிடவில்லை. அப்படியும் தினமும் விடியற்காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு, கூடையோடு போய் வேலியோரம் நிற்பார். எல்லாரையும் கூப்பிட்டு முடிந்ததும் திரும்பி வந்து கீரைக்குத் தண்ணீர் ஊற்றுவார். அப்பாவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். உங்களிடம் சொன்னால் காசு அனுப்புவீர்களாம், காசு இந்த விசயத்துக்குள் வரக்கூடாதாம்.

போன வியாழக்கிழமை காலை கணக்கப்பிள்ளை வழக்கம்போல் பேர் கூப்பிட்டார். "கமலம்." பதில் இல்லை. அடுத்த பேர், பதில் இல்லை. யாரும் "வந்தேன்" என்று சொல்லவில்லை. முந்தின நாள் பொட்டலில் கூடிப் பேசியிருக்கிறார்கள், அம்மாவுக்கே தெரியாது. துரைக்கு ஆள் போய், துரை வந்துவிட்டார்.

"என்ன பிரச்சினை? சம்பளமா?"

"இல்லீங்க தொர" என்றார் கமலம் பெரியம்மா.

"லீவா?"

"இல்லீங்க. அந்த மூணு பேரத் திருப்பிக் குடுத்தாங்களா இல்லையான்னு தெரியணும். அது தெரியாம நாங்க மலைக்குப் போறதா இல்ல."

துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்த மூணு பேர்? யார் பிடிச்சது? எந்த டிவிசன்?"

"அமெரிக்காங்க" என்றார் பெரியம்மா.

யாரோ சிரித்தார்கள், ஆனால் யாரும் அசையவில்லை. பெரியம்மா விளக்கினார். "எங்க பேருக்கு வந்த கடிதம் உங்க கந்தோர்ல ரெண்டு மாசமாக் கெடக்கு, அதக் குடுத்தாப் போதும்" என்றார். துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் கந்தோருக்குள் போய் வந்தார். உங்கள் கடிதம் உறை பிரிக்காமல் இருந்தது சித்தி. அதோடு இன்னும் ஐந்தாறு கடிதங்கள். அதில் ஒன்று பெரியம்மாவுக்குக் கண் ஒப்பரேசனுக்கு வரச்சொன்ன கடிதம், திகதி முடிந்திருந்தது. துரை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் கொடுத்தார்.

கொழுந்து நிறுக்கும் மேடையில் என்னை ஏற்றிவிட்டார்கள், நான்தான் வாசித்தேன். நீங்கள் எழுதியது எனக்கு இப்போது மனப்பாடம். "தளபதி சொன்னார்: உங்கள் மாநிலம் தனி நாடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? அப்படியானால் என் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு? தரமாட்டேன்."

உடனே "குடுக்கல! குடுக்கல!" என்று போட்ட கூச்சலில் மேல் லயத்துக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். மிச்சத்தையும் வாசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கோட்டைக்கு வந்தது, மறுநாள் ஐம்பதுக்குக் கிட்ட வந்தது, பிறகு கைப்பிள்ளையோடு, மூட்டையோடு ஆயிரம் ஆயிரமாக வந்தது. "ஜனாதிபதி விடுதலை அறிக்கை எழுதுவதற்கு முன்பே இவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்கள். துரையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கணக்கப்பிள்ளை முதலில் இருந்து பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "வந்தேன்" சொன்னார்கள். முடிந்தது. அவர் துரையைப் பார்த்தார், துரை மலையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "சர்மிளா" என்றார்.

அம்மா வேலியோரம் நின்று மெதுவாக "வந்தேன்" என்றார். "கேக்கல" என்றார் கணக்கப்பிள்ளை. இரண்டாம் தரம் சொன்னது பிலிமத்தலாவை ஊருக்கே கேட்டிருக்கும்.

இதை நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்
துஷாந்தி

*

விக்ஸ்பர்க்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, நீங்கள் உண்மை சொல்லப் போவதில்லை. மச்சானிடமே கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வியாழக்கிழமை என்ன திகதி தெரியுமா? ஜூலை நான்கு. விக்ஸ்பர்க் சரணடைந்த அதே நாள். இங்கே அன்றைக்குச் சுதந்திர தினம், ஊரெல்லாம் வாணவேடிக்கை. என் அக்காவின் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியாமலே நான் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பது பெண்கள் கூலியை விட்டுவிட்டு, கண்ணால் காணாத மூன்று பேருக்காக நின்றார்களா? இதை என் வார்டில் உள்ள நர்ஸ்மாரிடம் சொன்னேன். டெனிஸ் என்று ஒருத்தி, அவளுடைய கொள்ளுப்பாட்டனுக்குத் தகப்பன் அடிமையாகப் பிறந்தவர். கையில் வைத்திருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "உன் அக்காவின் ஊர்க்காரர்கள் எங்கள் மூன்று பேருக்காகவா நின்றார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவள் சொன்னதைக் கேளுங்கள். ஜூன் பத்தொன்பது இங்கே விடுமுறை நாள். எதற்கென்று நான் கேட்டதே இல்லை. 1863 ஜனவரி முதலாம் திகதி, தெற்கில் உள்ள அடிமைகளுக்கு விடுதலை என்று ஜனாதிபதி கையெழுத்து வைத்தார். டெக்சஸ் என்று ஒரு தூரத்து மாநிலம், அங்கே இரண்டரை லட்சம் அடிமைகள். அங்கே அதை யாரும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. சொந்தக்காரர்களில் பலருக்குத் தெரியும், ஆனாலும் பேசாமல் பருத்தி எடுக்க வைத்தார்கள். தெற்குப் படை தோற்று யுத்தம் முடிந்த பிறகு, 1865 ஜூன் பத்தொன்பதில்தான் பட்டாளம் போய் அங்கே வாசித்துக் காட்டியது. இரண்டரை வருசம் அக்கா! விடுதலையாகியும் இரண்டரை வருசம் குனிந்து பருத்தி எடுத்திருக்கிறார்கள். கந்தோர் லாச்சியில் கிடந்திருக்கிறது அவர்களுடைய கடிதம்.

கேள்விப்பட்டதும் அவர்கள் என்ன செய்தார்களாம்? பலர் அந்த நிமிசமே நடக்கத் தொடங்கினார்கள். விற்கப்பட்ட அம்மாவை, பிள்ளையைத் தேடி. விலாசம் கிடையாது, பேர் மட்டும்தான். தேவாலயங்களில் அந்தப் பேர்களை வாசிப்பார்களாம், யாராவது எழுந்து "அது நான்தான்" என்று சொல்ல மாட்டார்களா என்று. சில தடவை அப்படி எழுந்தும் இருக்கிறார்கள்.

பலகையில் ஜூலை நான்கு என்று எழுதியிருப்பது சரிதான். ஆனால் பூங்காவில் இப்போது நடக்கும்போது, அந்தச் சின்னப் படகுதான் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

துஷாந்தியின் நேர்முகக் கடிதம் வந்ததும் எழுதுங்கள். நான் இங்கே உங்கள் தபாலுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறேன். பழிக்குப் பழி.

உங்கள் தங்கை
லோஜினி

*

இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை
6 ஒக்டோபர் 2024

அன்பான தங்கச்சிக்கு,

கறையைப் பார்த்துவிட்டாயா? இந்தத் தடவை வேண்டுமென்றே விரலை அழுத்தி வைத்திருக்கிறேன், நெஞ்சு குளிரப் பார். எங்கள் எல்லாருக்கும் நல்ல சுகம். கமலத்துக்குக் கண் ஒப்பரேசனுக்கு வேறு திகதி கொடுத்திருக்கிறார்கள். உனக்குக் கோள் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா, உறையைத் தபாலில் போட்டதே நான்தான்.

இரண்டரை வருசக் கதையை வாசித்ததும் உன் மச்சான்தான், "அங்கயும் ஒரு கிளாக்கரு இருந்திருக்கான்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மாவைத் தேடிப் போனவர்களின் இடத்தில் கடிதத்தைக் கமலம் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன், மிச்சத்தை அவள் வாசித்து முடித்தாள். டெனிஸிடம் சொல், எங்கள் லயத்தில் அவளை விசாரிக்காத ஆள் இல்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். செப்டெம்பர் பதினெட்டு, கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். சுரேஸ் தம்பி படியில் வருகிறார். வழக்கமாகத் தூரத்தில் வரும்போதே "அமெரிக்கா!" என்று கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. வந்து நின்று, கையில் நீளமான பழுப்பு உறையை வைத்துக்கொண்டு, "ஏழாம் நம்பர், யோகராஜ் துஷாந்தி. பதிவுத் தபால், கையெழுத்து வேணும்" என்றார்.

துஷாந்தி தண்ணிக்குப் பீலிக்குப் போயிருந்தாள்.

"நீங்களே வைங்கக்கா, தாய்தானே" என்றார். கையை நீட்டிவிட்டேன் லோஜி. பிறகு மடக்கிக்கொண்டேன். "கொஞ்சம் இருங்க தம்பி, பேருக்கு உரியவ வரட்டும்" என்றேன். கமலம் பீலிக்கு ஓடினாள், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகம். அதற்குள் பதினாலு காம்பராவும் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றுவிட்டன. நாய்கூடக் குரைக்கவில்லை. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, ஈரப் பாவாடையோடு அவள் ஏறி வந்தாள். கையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கையெழுத்து வைத்தாள். சுரேஸ் தம்பி உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தப் பிள்ளை உறையைப் பிரிக்கவே இல்லை, மேலே எழுதியிருந்த விலாசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரசாங்கம் தட்டெழுத்தில் அடித்து அனுப்பியிருந்தது: இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை. நாங்கள் பெயின்ட் குச்சியால் கதவில் கிறுக்கின அதே எழுத்து. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, சாமி வந்தவள் மாதிரி தூணைப் பிடித்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்குப் போய்வந்தோம். ஒரு மணித்தியாலம் முன்னாலேயே போய் நின்றுவிட்டோம். உள்ளே, "உங்களுக்குப் பிடித்த வரலாற்றுச் சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்களாம். மூன்று பேர் ஒரு படகு எடுத்த கதையைச் சொல்லியிருக்கிறாள். தளபதி பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினாளாம், உன்னை மாதிரி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "சொல்லுங்க பிள்ளை, திருப்பிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாராம்.

தெரிவாகிவிட்டாளா இல்லையா என்று இனி ஒரு கடிதம் வரும். வரட்டும். முந்தி மாதிரி நான் தூங்காமல் கிடக்கவில்லை. அதற்கு வீடு தெரியும்.

உன் அக்கா
சர்மிளா
இலக்கம் 7, காமன் பொட்டல் பாதை